7. ஐந்நூறு ரூபாய்ச் செலான்: கட்டிவிடுவதா, மறுப்பதா?

திருநின்றவூரிலிருந்து காலையில் வேலைக்குக் கிளம்பும் வண்டி சி.டி.எச். சாலையில் ஏறிவிட்டால் பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் என்று எங்கே வேண்டுமானாலும் போலீஸ் சோதனையில் நிற்க நேரும். ஓட்டுகிறவர் ஹெல்மெட் போட்டிருப்பார், லைசென்ஸ் வைத்திருப்பார், வேகமாகவும் வந்திருக்க மாட்டார். ஆனாலும் கைக்கருவியில் செலான் அடித்துவிடுவார்கள். காரணம் பெரும்பாலும் வண்டியின் பதிவு சம்பந்தப்பட்ட ஏதோ ஒரு சின்ன விஷயமாக இருக்கும். நம்பர் பிளேட்டில் எழுத்து சரியில்லை, ஆர்.சி. கையில் இல்லை, பெயர் மாற்றவில்லை, பதினைந்து வருஷம் முடிந்துவிட்டது, வெளிமாநில நம்பர். தொகை ஐந்நூறு ரூபாயாக இருக்கும்போது பலரும் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள். யோசிக்காமல் கட்டிவிடுகிறார்கள், இல்லையென்றால் கட்டாமல் மறந்துவிடுகிறார்கள். இரண்டுமே பின்னால் தொந்தரவு தரக்கூடியவை.

இந்த அத்தியாயம் சொல்லவரும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறை உண்மையானால் அதைச் சரிசெய்துவிட்டு அபராதத்தைக் கட்டுங்கள். குற்றச்சாட்டே தவறு என்றால், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், குறைந்தபட்சம் ஒரு மனுவாவது எழுதி மறுத்துவிடுங்கள். அபராதம் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். அது வண்டியின் பெயரில் பதிவாகி நிற்கும். அடுத்த முறை அதே தவறில் மாட்டினால் ‘இரண்டாம் முறை’ என்று கணக்கிட்டுக் கூடுதலாக வாங்க அது வழிசெய்யும். இன்றைய ஐந்நூறோடு சேர்த்து அந்தப் பதிவையும் எடைபோட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

செலான் அசல்தானா?

எஸ்.எம்.எஸ்ஸோ வாட்ஸ்அப்போ வந்ததும் பணம் கட்டப் போகாதீர்கள். ‘உங்கள் வண்டிக்குச் செலான் உள்ளது’ என்று சொல்லி, ஏ.பி.கே. கோப்பை இறக்கச் சொல்லும் மோசடிச் செய்திகள் ஏராளமாக உலவுகின்றன. அந்தக் கோப்பை இறக்கினால் போனில் இருக்கும் வங்கி விவரங்கள் களவுபோகும். போக்குவரத்துத் துறையோ காவல் துறையோ செலானை ஏ.பி.கே. கோப்பாக அனுப்புவதில்லை. செய்தியில் இருக்கும் இணைப்பைத் தொடாமல் பரிவாகன் இ-செலான் தளத்துக்கு நீங்களே போங்கள். தள முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று கவனியுங்கள். அங்கே வண்டி எண்ணையும், சேஸிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளையும் கொடுத்தால் நிலுவையில் உள்ள செலான்கள் தெரியும். அதில் இல்லாத செலானுக்குப் பணம் கட்ட வேண்டாம். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. வண்டி வாங்கும்போது ஷோரூமில் கொடுத்த செல்போன் எண் மாறிப்போயிருக்கும், அல்லது ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டிருப்பார். செலான் வந்ததே உங்களுக்குத் தெரியாது. வாகனப் பதிவில் உங்கள் இப்போதைய எண் இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்து, இல்லையென்றால் இன்றே மாற்றிவிடுங்கள்.

செலானைப் படிக்கும் முறை

செலானில் ஐந்து விஷயங்களைத் தேடுங்கள்: எந்தப் பிரிவு, எந்த இடம், எந்தத் தேதியில் எந்த நேரத்தில், யார் போட்டது, புகைப்படம் இருக்கிறதா. சோதனையில் நிற்கும்போதே பணிவாகக் கேட்டுவிடுவது நல்லது. “சார், எந்த செக்‌ஷன்ல போடுறீங்க? பிளேட்டைப் போட்டோ எடுத்திருக்கீங்களா?” என்று கேட்பதில் தவறே இல்லை. அங்கே நின்று வாதாடுவதால் செலான் ரத்தாகப் போவதில்லை. ஆனால் நீங்கள் கேட்டுவைக்கும் விவரம் பிறகு மனு எழுதும்போது கைகொடுக்கும்.

இடத்தைக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022 ஜனவரி 1-ஆம் தேதி ஆவடி காவல் ஆணையரகம் உருவானதிலிருந்து திருநின்றவூர் அதன் எல்லைக்குள் இருக்கிறது. அதே சாலையில் மேற்கே திருவள்ளூர் நகரத்துக்குப் போனால் மாவட்டக் காவல் துறை. கிழக்கே அண்ணா நகர் போய்ச் சேர்ந்தால் சென்னைப் பெருநகரக் காவல். மனு யாருக்குப் போக வேண்டும், வழக்கானால் எந்த நீதிமன்றம் என்பதெல்லாம் உங்கள் வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்ததல்ல, செலான் போட்ட இடத்தைப் பொறுத்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் கணக்கு வேறு. நம் தெருக்களில் டி.என். 12 பூந்தமல்லி, டி.என். 13 அம்பத்தூர், டி.என். 20 திருவள்ளூர் என மூன்று எண்களும் ஓடுகின்றன. அபராதத்தை மறுக்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போவதும், பெயர் மாற்றத்துக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதும் வீண் அலைச்சல். செலான் போட்டவர் மோட்டார் வாகன ஆய்வாளர் என்றால் மட்டும் மறுப்பு மனு அவருடைய அலுவலகத்துக்குப் போகும்.

எந்தக் குறைக்கு எந்தப் பிரிவு

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ஆம் ஆண்டுச் சட்டம். 2019-இல் திருத்தப்பட்டு அபராதங்கள் பலமடங்கு உயர்ந்தன. தமிழ்நாட்டில் புதிய தொகைகள் 2022 அக்டோபர் இறுதியில் நடைமுறைக்கு வந்தன. பதிவு தொடர்பான செலான்கள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும்.

முதல் வகை 177-ஆம் பிரிவு. தனியாகத் தண்டனை சொல்லப்படாத சின்னச் சின்ன மீறல்களுக்கெல்லாம் இதுதான். முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 1,500 ரூபாய் வரை. நம்பர் பிளேட் குறை இதில் வரும்.

இரண்டாவது வகை 39-ஆம் பிரிவை மீறியதற்கான 192-ஆம் பிரிவு. பதிவு இல்லாத வண்டியை ஓட்டுவது. முதல் முறைக்கே 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறுமுறை 5,000 முதல் 10,000 ரூபாய் வரை, அல்லது ஓராண்டு வரை சிறை. தவிர, 207-ஆம் பிரிவின்படி வண்டியையே பிடித்துவைக்கும் அதிகாரமும் காவல் துறைக்கு உண்டு. செலானில் 192 என்று இருந்தால் அது சின்ன விஷயமல்ல. இந்த அத்தியாயத்தோடு நிற்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

பதினைந்து வருஷம் முடிந்த வண்டி சாதாரணக் குறை போலத் தெரிந்தாலும் இரண்டாவது வகைக்குள் போய்விடக்கூடியது. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி.யில் அச்சிட்ட தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேதி முடிய 60 நாள் இருக்கும்போதே படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். கெடு முடிந்த வண்டியில் பிடிபட்டுவிட்டு ‘தெரியாது’ என்று வாதாடுவதில் பயனில்லை. புதுப்பிக்க வழிசெய்யுங்கள், அபராதத்தைக் கட்டுங்கள், புதுப்பிக்கும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

மூன்று கேள்விகள்

முடிவெடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்குத் தாளில் பதில் எழுதிப் பாருங்கள்.

ஒன்று, செலானில் சொன்ன குறை அந்தத் தேதியில், அந்த நேரத்தில் வண்டியில் இருந்ததா? ‘ஊரில் எல்லா வண்டியும் அப்படித்தான் ஓடுகிறது’ என்பதும், ‘என்னை மட்டும் ஏன் பிடித்தார்கள்’ என்பதும் இந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

இரண்டு, இல்லை என்பதை வாயால் சொல்லாமல் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஆர்.சி., தேதியோடு எடுத்த புகைப்படம், ரசீது, வேலையிடத்தின் வருகைப் பதிவேடு, இடமாற்ற உத்தரவு போன்று ஏதாவது ஒன்று வேண்டும். காட்டுவதற்கு எதுவும் இல்லாத உண்மை நீதிமன்றத்தில் தள்ளாடும்.

மூன்று, மறுப்பதற்கு என்ன செலவாகும்? இங்கேதான் பலரும் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். மறுப்பு என்றாலே கோர்ட், வக்கீல், வாய்தா என்று நினைத்துப் பயந்து கட்டிவிடுகிறார்கள். மறுப்புக்கு இரண்டு படிகள் உண்டு. முதல் படி மனு. அதற்கு ஒரு பதிவுத் தபால் செலவு, அல்லது இணையத்தில் கால்மணி நேரம், அவ்வளவுதான். இரண்டாம் படிதான் நீதிமன்றம். அங்கே ஒவ்வொரு வாய்தாவுக்கும் அரை நாள் கூலியாவது போகும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தினக்கூலிக்கு வேலை செய்பவருக்கு இரண்டு வாய்தாவிலேயே ஐந்நூறைத் தாண்டிவிடும். ஆகவே முதல் படியை எல்லோரும் ஏறலாம். இரண்டாம் படியை யோசித்து ஏற வேண்டும்.

இந்தக் கணக்கில் உங்களுக்குச் சாதகமான ஓர் அம்சமும் இருக்கிறது. 177-ஆம் பிரிவில் முதல் முறைக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சத் தொகையே 500 ரூபாய்தான். சாலையில் 500 கேட்டார்கள் என்றால், கோர்ட்டில் தோற்றாலும் முதல் முறைக் குற்றத்துக்கு அதற்குமேல் அபராதம் போட முடியாது. நீங்கள் பணயம் வைப்பது நேரத்தை மட்டுமே.

ஐந்து சூழ்நிலைகள்

1. நம்பர் பிளேட். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 50, 51-ஆம் விதிகள் எல்லாவற்றையும் மில்லிமீட்டர் கணக்கில் சொல்லிவிடுகின்றன. சொந்த வண்டிக்கு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. மின்சார வண்டிக்குப் பச்சைப் பின்னணி. எழுத்து ஆங்கிலத்தில், எண் வழக்கமான 1, 2, 3 வடிவில். தமிழ் எழுத்திலோ தமிழ் எண்ணிலோ எழுதிய பிளேட் நமக்கு எவ்வளவு பிரியமானதாக இருந்தாலும் விதிப்படி செல்லாது. தலைவர் படம், சாமி படம், சாய்ந்த எழுத்து, பூப்போட்ட எழுத்து எதுவும் கூடாது. பைக்கின் பின்பக்க பிளேட்டில் எழுத்து உயரம் 35 மில்லிமீட்டர், எண் உயரம் 40, கோட்டின் தடிமன் 7, இடைவெளி 5. முன்பக்கம் உயரம் 30, தடிமனும் இடைவெளியும் ஐந்தைந்து. காருக்கு உயரம் 65, தடிமனும் இடைவெளியும் பத்துப் பத்து.

பள்ளிக்கூடப் பிள்ளையின் ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்னால் உட்காருங்கள். ஸ்கேலை எழுத்தின்மேல் வைத்து, அளவு தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுங்கள். எழுத்துகளுக்கு இடையில் வைத்து இன்னொன்று. பிளேட்டின் மேலே பம்பரோ ஸ்டிக்கரோ கேரியர் கம்பியோ மறைக்கிறதா என்று பத்தடி தள்ளி நின்று மூன்றாவது போட்டோ எடுங்கள். அளவு சரியாக இருந்தால் இந்த மூன்று படங்களும்தான் உங்கள் மனுவின் பலம். குறைவாக இருந்தால் வாதத்தை விட்டுவிட்டுப் புது பிளேட் மாட்டுங்கள்.

2019 ஏப்ரல் 1-ஆம் தேதிக்குப் பிறகு தயாரான வண்டி என்றால் அதற்கு உயர் பாதுகாப்பு பிளேட்டைத் தயாரிப்பு நிறுவனமே டீலர் மூலம் கொடுத்திருக்கும். அசோகச் சக்கர ஹாலோகிராம், லேசரில் பொறித்த எண், கழற்ற முடியாத பூட்டு ஆகியவை அதன் அடையாளங்கள். அது நசுங்கிவிட்டது என்று சாலையோரக் கடையில் அழகான பிளேட்டாக மாற்றியிருந்தால் அந்தச் செலான் நியாயமானது. டீலரிடமே திரும்ப வாங்க வேண்டும். ‘பிரஸ்’, ‘போலீஸ்’, ‘ஆர்மி’ போன்ற ஸ்டிக்கர்களையும் பிளேட்டிலிருந்து கிழித்துவிடுங்கள். 2024 மே 2-ஆம் தேதி முதல் சென்னைப் பெருநகரப் போக்குவரத்துக் காவல் துறை இதற்காகவே தனி நடவடிக்கை தொடங்கியது. தினமும் சென்னைக்குள் போய்வரும் நம் ஊர் வண்டிகள் அதில் அகப்படும்.

2. ஆர்.சி. கையில் இல்லை. டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ காட்டும் ஆர்.சி.யும் லைசென்ஸும் அசலுக்குச் சமம் என்று 2018 முதலே விதி இருக்கிறது. அதைக் காட்டியும் செலான் போட்டிருந்தால் தயங்காமல் மறுக்கலாம். காட்டிய திரையை அங்கேயே நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். கேலரியில் இருக்கும் போட்டோவையோ வாட்ஸ்அப்பில் வந்த படத்தையோ காட்டியிருந்தால் அந்த வாதம் நிற்காது. கையில் எதுவுமே இல்லாவிட்டாலும் 139-ஆம் விதி 15 நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் சான்றொப்பமிட்ட நகலை, கேட்ட அதிகாரிக்கு நேரிலோ பதிவுத் தபாலிலோ சேர்த்துவிட்டு, அந்த ரசீதை மனுவோடு இணையுங்கள்.

3. விற்ற வண்டிக்கு உங்கள் பெயரில் செலான். நம் பகுதியில் மிக அதிகமாகக் கேள்விப்படும் சங்கடம் இது. ஸ்கூட்டரை விற்றுக் காசு வாங்கி, படிவம் 29-இலும் 30-இலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பீர்கள். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. அவர் மாட்டும் ஒவ்வொரு செலானும் உங்கள் போனுக்கு வரும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று சட்டத்தின் 2(30) பிரிவு சொல்கிறது. விபத்து நஷ்டஈட்டு வழக்கு ஒன்றில், நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், கைமாறிப்போன வண்டிக்கும் பதிவில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

செலானை மறுத்து எழுதும் மனுவில் விற்பனை ஒப்பந்தம், பணம் வந்த வங்கிப் பதிவு, வாங்கியவரின் பெயர், முகவரி ஆகியவற்றைக் கொடுங்கள். ஓட்டியது யார் என்று கேட்டால் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை என்று 133-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கடமையை முன்கூட்டியே நிறைவேற்றியதாக இது இருக்கும். அதே நாளில், வண்டி பதிவான ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் விற்பனைத் தகவலைக் கொடுங்கள். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது 50-ஆம் பிரிவு. கெடு தாண்டியிருந்தாலும் தாமதத்தோடு தெரிவிப்பது, தெரிவிக்காமலே இருப்பதைவிட நல்லது.

4. வெளிமாநில நம்பர். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை, விமானப் படை, சி.ஆர்.பி.எஃப். என்று மத்திய அரசு நிறுவனங்கள் இருப்பதால் பட்டாபிராம் முதல் திருநின்றவூர் வரை வாடகை வீடுகளில் வெளிமாநில வண்டிகள் நிறைய நிற்கும். திருவள்ளூர் மாவட்டம் ஆந்திர எல்லையை ஒட்டியது என்பதால் அங்கிருந்து வரும் வண்டிகளும் உண்டு. வெளிமாநில நம்பரோடு ஓடுவதே குற்றம் என்று யாரும் செலான் போட முடியாது. 47-ஆம் பிரிவின்படி 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால்தான் புதிய எண் வாங்க வேண்டும். ஆகவே இங்கே எல்லாம் தேதியைப் பொறுத்தது. இடமாற்ற உத்தரவு, வாடகை ஒப்பந்தம், சுங்கச்சாவடி ரசீது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று 12 மாதம் ஆகவில்லை என்று காட்டினால் மறுத்துவிடுங்கள். ஆகியிருந்தால் பழைய மாநிலத்திலிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே படிவம் 27-இல் விண்ணப்பியுங்கள். அடிக்கடி மாநிலம் மாறும் ராணுவத்தினரும் அரசு ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் 2021 செப்டம்பரில் வந்த பி.எச். வரிசை எண்ணை வாங்க முடிந்தால் இந்தத் தலைவலியே இருக்காது.

5. உங்கள் வண்டியே அல்ல. கேமரா எண்ணைத் தவறாகப் படித்திருக்கலாம், கைக்கருவியில் ஓர் எழுத்து மாறி விழுந்திருக்கலாம், வேறொருவர் உங்கள் எண்ணைப் போலி பிளேட்டில் போட்டு ஓட்டலாம். செலானில் இருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வண்டியின் மாடல், நிறம், கண்ணாடி, சீட், சைலன்சர், பின்பக்கக் கைப்பிடி ஒவ்வொன்றையும் உங்கள் வண்டியோடு ஒப்பிடுங்கள். ஆர்.சி.யிலேயே மாடலும் நிறமும் அச்சாகியிருக்கும். அது ஒன்றே போதுமான சாட்சி. கேமரா மூலம் போடும் செலானுக்கு, சம்பவம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 2021-இல் வந்த 167ஏ விதி சொல்கிறது. வழக்கு முடியும்வரை படத்தைப் பாதுகாத்துவைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. படம் இல்லையென்றால் கேட்டு வாங்க இந்த விதியை மேற்கோள் காட்டுங்கள்.

போலி பிளேட் என்று சந்தேகம் வந்தால் செலானை மறுப்பதோடு நிறுத்தாதீர்கள். காவல் நிலையத்தில் தனியாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். உங்கள் எண்ணில் ஓடும் அந்த வண்டி நாளை சங்கிலிப் பறிப்புக்கும் பயன்படலாம். ஐந்நூறு ரூபாயைக் கட்டிவிட்டு அமைதியாக இருந்தால், அன்றைக்கு அங்கே ஓடியது உங்கள் வண்டிதான் என்று நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். இந்த ஒரு சூழ்நிலையில் மட்டும் எவ்வளவு அலைச்சலானாலும் கட்டக் கூடாது.

முதல் படி: மனு

இ-செலான் தளத்திலேயே புகார் பதியும் வசதி இருக்கிறது. செலான் எண்ணைக் கொடுத்து, காரணத்தைச் சுருக்கமாக எழுதி, படங்களை இணையுங்கள். கிடைக்கும் புகார் எண்ணை எழுதிவையுங்கள். அதோடு, செலான் போட்ட எல்லைக்குரிய போக்குவரத்துக் காவல் அதிகாரிக்குத் தபாலில் ஒரு பிரதி அனுப்புங்கள். பணம் கட்டிய பிறகு மனு கொடுப்பதில் பயனில்லை. 200-ஆம் பிரிவின்படி தொகையைக் கட்டினால் விவகாரம் அத்தோடு முடிந்ததாக ஆகிவிடும். செலானிலோ அறிவிப்பிலோ கெடு தேதி இருந்தால் அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே மனு போய்ச் சேரட்டும்.

மனுவின் மாதிரி இது:

“பெறுநர்: போக்குவரத்துக் காவல் உதவி ஆணையர் அவர்கள். பொருள்: செலான் எண் ____, நாள் ____, ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, மேற்கண்ட செலானில் என் வண்டி எண் ____ குறித்து 177-ஆம் பிரிவின்கீழ் நம்பர் பிளேட் குறை என்று பதிவாகியுள்ளது. என் வண்டியின் பிளேட் 50, 51-ஆம் விதிகளின்படியே உள்ளது. எழுத்தின் உயரம், தடிமன், இடைவெளி ஆகியவற்றை அளந்து எடுத்த மூன்று படங்களை இணைத்துள்ளேன். செலான் போட்டபோது எடுத்த படத்தின் பிரதியை எனக்கு வழங்கவும், செலானை மறுஆய்வு செய்து ரத்து செய்யவும் வேண்டுகிறேன். இணைப்பு: ஆர்.சி. நகல், செலான் நகல், படங்கள் 3.”

இதற்குமேல் ஒரு வரிகூட வேண்டாம். போலீஸ்காரர் பேசிய விதம், நாட்டு நடப்பு, உங்கள் குடும்பக் கஷ்டம் எல்லாம் மனுவின் வலுவைக் குறைக்கும். நடத்தை குறித்துப் புகார் இருந்தால் அதைத் தனிக் கடிதமாக எழுதுங்கள்.

இரண்டாம் படி: நீதிமன்றம்

மனு பலிக்கவில்லை, பணமும் கட்டவில்லை என்றால் செலான் நீதிமன்றத்துக்குப் போகும். பெரும்பாலும் முதலில் வர்ச்சுவல் கோர்ட் என்ற இணைய நீதிமன்றத்தில் வந்து நிற்கும். தமிழ்நாடு போக்குவரத்துத் துறை என்று தேர்ந்தெடுத்து வண்டி எண்ணைக் கொடுத்தால் வழக்கு தெரியும். அங்கே இரண்டு வழிகள்தான். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டலாம், அல்லது வழக்கை எதிர்கொள்வதாகத் தெரிவிக்கலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு அந்த எல்லைக்குரிய நேரடி நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். அது எந்த நீதிமன்றம் என்பது அந்தப் பக்கத்திலும் சம்மனிலும் இருக்கும். ஆஜராகச் சொன்ன நாளில் போய், கேட்டால் ‘குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை’ என்று தெளிவாகச் சொல்லி, ஆவணங்களின் இரண்டு நகல்களைக் கொடுங்கள். சின்ன வழக்குகளுக்கு வக்கீல் இல்லாமலும் ஆஜராகலாம். வேண்டுமென்றால், நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை, நடந்த ஆறு மாதத்துக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 514-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய செலான் திடீரென்று வழக்காக வந்தால் தேதிகளைக் கணக்கிட்டு இதை எடுத்துச் சொல்லுங்கள். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்பதால் இதை மட்டுமே நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

கட்டாமலும் மறுக்காமலும் இருந்தால்

மூன்றாவது வழியாகப் பலர் கையாள்வது கண்டுகொள்ளாமல் விடுவது. இதுதான் எல்லாவற்றிலும் மோசம். நிலுவைச் செலான் உள்ள வண்டிக்குப் பெயர் மாற்றம், தடையில்லாச் சான்று, பதிவுப் புதுப்பிப்பு ஆகிய வேலைகள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் நின்றுபோகும். மகளின் கல்யாணச் செலவுக்கு வண்டியை அவசரமாக விற்கப் போகும் நாளில் அது தெரியவரும். அப்போது மறுப்பதற்கான ஆதாரம் தொலைந்திருக்கும், படம் அழிந்திருக்கும், கெடுவும் தாண்டியிருக்கும். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் கட்டித்தான் தீர வேண்டியிருக்கும்.

ஆகவே செலான் வந்த அன்றே மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள். குறை உண்மையென்றால் அந்த வாரத்துக்குள் சரிசெய்து, கட்டி, ரசீதைப் பதிவிறக்கி, இரண்டு வாரம் கழித்துத் தளத்தில் செலான் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். தவறென்றால் அந்த வாரத்துக்குள் மனு போகட்டும். மனுவின் நகலையும் தபால் ரசீதையும் புகார் எண்ணையும் ஆர்.சி. வைத்திருக்கும் அதே உறையில் போட்டுவையுங்கள். நியாயமான அபராதத்தைத் தயங்காமல் கட்டுகிற ஒருவர் நியாயமில்லாத அபராதத்தை மறுக்கும்போதுதான், மனுவைப் படிக்கும் அதிகாரியும் விசாரிக்கும் நீதிபதியும் அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பார்கள்.